முதல் மக் சூடு, நாலாவது மக் வெதுவெதுப்பு: இன்ஸ்டன்ட் ஹீட்டரை நீங்களே சோதிப்பது எப்படி

கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்த வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீரின் சூட்டைப் பற்றிப் பேசியதில்லை. தென்னை மட்டையும் பாளையும் செருகி, தவலை நிறையக் கொதிக்க வைத்து, ஆளுக்கு அரை வாளி மொண்டு விளாவிக் குளித்துவிட்டுப் போவோம். மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது அடுப்பும் போயிற்று. அதற்குப் பதிலாகக் குளியலறைச் சுவரில் கையகலத்துக்கு ஒரு இன்ஸ்டன்ட் ஹீட்டர் வந்து உட்கார்ந்தது.

முதல் மார்கழியிலேயே தகராறு. முதல் மக் கைபொறுக்காத சூடு. நாலாவது மக் வெதுவெதுப்பு. அதற்கப்புறம் வாளி நிறைய நிறைய, சூடும் இல்லை குளிர்ச்சியும் இல்லை என்கிற ஒரு ரகம். "இதுக்கு நம்ம வெந்நீர் அடுப்பே தேவலைடா" என்று அம்மா தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் குளித்து வருவார். மெக்கானிக் ஒருவர் வந்து திறந்து பார்த்து, "காயில் போயிடுச்சு சார்" என்று புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையும் அதே வெதுவெதுப்பு.

உண்மையில் ஹீட்டரில் கோளாறே இல்லை. குழாயில் தண்ணீர் அது சமாளிக்கக்கூடிய அளவைவிட வேகமாக வந்துகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு எண்ணெய் கேனும் செல்போனும்தான். புதிதாக இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டியிருப்பவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் எதை எந்த வரிசையில் பார்க்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்களுடையது எந்த வகை?

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 1 லிட்டர் அல்லது 3 லிட்டர், 3000 வாட் என்று இருந்தால் அது நம் ஊரில் பரவலாக விற்கிற மின்சார இன்ஸ்டன்ட் ஹீட்டர். சிலவற்றில் 4500 வாட் என்று போட்டிருக்கும். கேஸ் சிலிண்டரில் ஓடுவது இன்னொரு வகை, அதற்குக் கடைசியில் வருகிறேன். 10, 15, 25 லிட்டர் என்று பீப்பாய் போலத் தொங்குவது சேமிப்பு வகை. அது தண்ணீரை முன்கூட்டியே காய்ச்சி வைத்துக்கொள்ளும் என்பதால் இந்தக் கணக்கெல்லாம் அதற்குப் பொருந்தாது.

இன்ஸ்டன்ட் ஹீட்டரிடம் பெரிய கையிருப்பு கிடையாது. 3 லிட்டர் வகையில் உள்ளே இருக்கும் அந்த 3 லிட்டர்தான் கையிருப்பு. சுவிட்சைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தால் அது நன்றாகக் காய்ந்துவிடும். அதனால்தான் முதல் மக்குகள் சுடுகின்றன. அது தீர்ந்ததும், ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே எவ்வளவு சுடவைக்க முடியுமோ அவ்வளவுதான் கிடைக்கும்.

படி 1: விளக்கைப் பாருங்கள்

வெந்நீர்க் குழாயைத் திறந்து நாலைந்து நிமிடம் விடாமல் ஓடவிடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக வரும் அந்த நேரத்தில் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா?

தொடர்ந்து எரிந்தால், பெரும்பாலும் ஹீட்டர் தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் தண்ணீரின் வேகத்தையும் கரண்டையும்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ அதிகச் சூட்டில் துண்டிக்கும் கட் அவுட்டோ அவசரப்படுகிறது. அது மெக்கானிக் வேலை. விளக்கே எரியவில்லை என்றால் பிளக், எம்சிபி (போர்டில் இருக்கும், தானாக விழுகிற டிரிப் சுவிட்ச்), சுவிட்ச் என்று பின்னாலிருந்து வாருங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 3000 வாட் ஹீட்டர்களில் பெரும்பாலும் ஒரே காயில்தான். அது போய்விட்டால் பச்சைத் தண்ணீர்தான் வரும், வெதுவெதுப்பு வராது. பாதி செத்த காயில் என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. இரண்டு காயில் உள்ள பெரிய ஹீட்டரில் மட்டும் ஒன்று போய் ஒன்று வேலை செய்யலாம். எனவே ஒற்றைக் காயில் ஹீட்டரில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பார்த்துவிட்டு ஒருவர் காயில் போய்விட்டது என்று சொன்னால், நிதானமாக ஒரு டீ கொடுத்து, மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு அன்றைக்கு இது தெரியாது.

படி 2: கேனும் செல்போனும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சோதனைதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். 5 லிட்டர் எண்ணெய் கேனை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது வழக்கமாக எவ்வளவு திறப்பீர்களோ அதே அளவு வெந்நீர்க் குழாயைத் திறந்து, கேன் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 300ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 60 நொடியில் நிரம்பினால் 5 லிட்டர், 100 நொடி என்றால் 3 லிட்டர்.

இப்போது 43 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். 3000 வாட் ஹீட்டர், சரியான 230 வோல்ட் கிடைத்தால், ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை 43 டிகிரி ஏற்றும். வேகம் கூடக் கூட இந்த 43ஐப் பங்கு போட வேண்டியதுதான். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் 21 டிகிரி ஏறும். 3 லிட்டர் என்றால் 14. 4 லிட்டருக்கு 11 கூட முழுசாக வராது. 6 லிட்டர் ஓடினால் வெறும் 7 டிகிரி. 4500 வாட் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் 43க்குப் பதில் 64 என்று போட்டுக்கொள்ளலாம்.

மார்கழி விடியற்காலையில் மாடித் தொட்டித் தண்ணீர் எங்கள் பக்கம் 23 டிகிரி வாக்கில் இருக்கும். குளிக்க 38லிருந்து 40 வரை இருந்தால் இதமாக இருக்கும். ஆக நமக்கு 15லிருந்து 17 டிகிரி ஏற வேண்டும். கணக்கைத் திருப்பிப் போட்டால், நிமிடத்துக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டருக்குள் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அளந்தபோது கேன் 45 நொடியில் நிரம்பிவிட்டது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் 670 மில்லி! தொட்டி இரண்டாம் மாடி உயரத்தில், குளியலறை தரைத்தளத்தில், புதுக் குழாய் வேறு. ஏறின சூடு ஆறரை டிகிரி. காயிலை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் அதே ஆறரைதான்.

தண்ணீரின் சூட்டை அளக்கச் சமையலறைத் தெர்மாமீட்டரோ, மீன் தொட்டிக்குப் போடுகிற தெர்மாமீட்டரோ போதும். காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டரை வாளியில் விடாதீர்கள். அது 42 டிகிரியோடு முடிகிறது, சூடு தாண்டினால் வெடித்துவிடும். (எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான் போயிற்று.)

வேகத்தைக் குறைப்பது எப்படி? ஹீட்டருக்குள் பச்சைத் தண்ணீர் போகிற பக்கத்தில், பெரும்பாலும் நீல நிறக் குறி இருக்கும், சுவரில் ஒரு ஆங்கிள் காக் (தண்ணீரை அடைக்கிற சின்ன வால்வு) இருக்கும். அதை முழுதாக மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஒவ்வொரு முறையும் கேனை வைத்து அளந்து பாருங்கள். 5 லிட்டர் நிரம்ப 105லிருந்து 115 நொடி ஆகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். திருகித் திறக்கிற வகையாக இருந்தால் இது சுலபம். கால் சுற்றில் படக்கென்று திறந்துகொள்ளும் வகையாக இருந்தால் மயிரிழையில் நிறுத்த வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். நிறுத்திய இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை வாஷர் மாற்ற வருகிறவர் அதை முழுதாகத் திறந்து வைத்துவிட்டுப் போவார், சந்தேகமே வேண்டாம்.

அளவுக்கு மீறிக் குறைத்தாலும் தொல்லைதான். தண்ணீர் நூலாக வந்தால் உள்ளே சூடு எகிறி, கட் அவுட் துண்டித்து, ஒரு மக் கொதிப்பும் ஒரு மக் பச்சையுமாக வரும்.

20 லிட்டர் வாளி நிரம்ப இப்போது ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். ஆகத்தான் செய்யும். 3000 வாட்டில் அதைவிட வேகமாக ஒரு வாளி வெந்நீர் வராது. அவசரக்காரர்கள் நிறைந்த வீடு என்றால் சேமிப்பு வகைதான் சரிப்படும். எங்கள் வீட்டில் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போகிற பழக்கம் வந்துவிட்டது.

பிரஷர் பம்ப் வைத்திருக்கிற வீடுகளில் இந்தப் படியோடு கதை முடிந்துவிடும். பம்ப் தள்ளுகிற வேகத்தில் 3000 வாட் ஹீட்டர் நாலைந்து டிகிரிக்கு மேல் ஏற்றாது.

படி 3: பச்சைத் தண்ணீர் திருட்டுத்தனமாகக் கலக்கிறதா?

வேகம் சரியாக இருந்தும் சூடு போதவில்லை என்றால் இதைப் பாருங்கள். ஹீட்டருக்குள் போகும் ஆங்கிள் காக்கை முழுதாக மூடுங்கள். ஹீட்டர் சுவிட்சும் அணைந்திருக்கட்டும். இப்போது வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்தால், உள்ளே மிச்சம் இருப்பது சொட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அந்தத் தண்ணீர் ஹீட்டர் வழியாக வரவில்லை. எங்கோ பச்சைத் தண்ணீர்க் குழாயிலிருந்து குறுக்கே பாய்கிறது.

பெரும்பாலும் குற்றவாளி சுவர் மிக்சர், அதாவது வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தருகிற குழாய். இரண்டு திருகையும் திறந்து வைத்துவிட்டு, ஷவர் பக்கத்தை மட்டும் மூடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது மிக்சருக்குள்ளேயே இரண்டு பக்கமும் கலந்துகொள்ளும். அல்லது உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். வெந்நீர், தண்ணீர் இரண்டோடும் சேர்த்துக் கைஷவர் மாட்டியிருந்தால் அதையும் கவனியுங்கள். வாஷர் மாற்றுவது பிளம்பருக்குப் பத்து நிமிட வேலை. ஹீட்டரை மாற்றப் போய்க் கடைசியில் வாஷரில் முடிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

குழாயின் நீளமும் ஒரு விஷயம். ஹீட்டர் ஒரு குளியலறையில், நீங்கள் குளிப்பது கொல்லைப்பக்கத்து இன்னொன்றில் என்றால், அரை அங்குலக் குழாயில் 10 மீட்டருக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் நிற்கும். அது ஒவ்வொரு முறையும் ஆறிக் கிடக்கும். முதல் மக்கை வைத்து ஹீட்டரை எடை போடாதீர்கள்.

படி 4: கரண்ட்

டெல்டா கிராமங்களில் வோல்டேஜ் குறைந்தால் பழி உடனே வயல் மோட்டார்கள் மேல் விழும். ஆனால் மார்கழியில் சம்பாப் பயிர் கதிர் விட்டு முற்றுகிற காலம். வாய்க்கால் பாசனம் உள்ள ஊர்களில் அப்போது வயலுக்கு அவ்வளவு மோட்டார் ஓடாது. விடியற்காலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே தெரு முழுக்க ஹீட்டரும், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும், சட்னி அரைக்கிற மிக்சியும் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் காரணம். டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வீடாக இருந்தால் உங்களுக்குத்தான் முதல் அடி.

வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் சூடு கொஞ்சம்தானே குறையும் என்று நினைக்காதீர்கள். சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 3000 வாட் தருகிற அதே காயில் 210 வோல்ட்டில் 2500 வாட்தான் தரும். 190க்கு இறங்கினால் 2050, 180க்கு இறங்கினால் 1840 வாக்கில். 190 வோல்ட்டில் உங்கள் 43 வெறும் 29 ஆகிவிடும். 3 லிட்டர் வேகத்தில் 10 டிகிரிகூட ஏறாது. மத்தியானம் சோதித்தால் சூடாக வருகிறது, காலையில் வருவதில்லை என்பவர்கள் வீட்டில் முக்கால்வாசி இதுதான் சங்கதி. மெக்கானிக் வருவதும் மத்தியானம்தான், "நல்லாத்தானே சார் வருது" என்று அவர் சொல்வதும் பொய்யில்லை.

மல்டிமீட்டர் இல்லாமலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காலையில் எல்லோரும் குளிக்கிற நேரத்தில், ஃபிரிட்ஜ், மோட்டார், மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஈபி மீட்டரில் யூனிட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீட்டரைப் போட்டு 20 நிமிடம் தண்ணீரை நிறுத்தாமல் வாளி மாற்றி வாளி பிடியுங்கள். 3000 வாட் ஹீட்டர் முழுச் சக்தியோடு ஓடினால் 20 நிமிடத்துக்குச் சரியாக 1 யூனிட். 0.7 யூனிட்தான் ஏறியது என்றால் 2100 வாட்தான் கிடைத்திருக்கிறது, வோல்டேஜ் 190 பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். பிடித்த தண்ணீரை வீணாக்க வேண்டாம், துணி ஊறவைக்க ஆகும்.

மல்டிமீட்டர் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன் வந்தால், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்: மெயின் போர்டில் ஒன்று, ஹீட்டர் பிளக்கில் ஒன்று. ஓடாதபோது எடுத்த அளவு எதற்கும் உதவாது. 3000 வாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 20 மீட்டர் தூரத்துக்கு நாலு வோல்ட் விழுவது இயல்பு. எட்டு, பத்து என்று விழுந்தால் ஒயர் மெல்லிசு, அல்லது எங்கோ இணைப்பு லூஸ். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது, தீய்ந்த வாடை வருகிறது, ஓட்டை கறுத்திருக்கிறது என்றால் அளவெல்லாம் எடுக்க வேண்டாம், அன்றைக்கே ஹீட்டரை நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள். சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் ஹீட்டர் ஒருபோதும் கூடாது.

மெயின் போர்டிலேயே வோல்டேஜ் குறைவு என்றால் வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லை. மூன்று பேஸ் இணைப்பு உள்ளவர்கள் ஹீட்டரை வேறு பேஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். மற்றபடி மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987க்குப் புகார் கொடுங்கள். தெருவில் நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் நல்லது. அதுவரை வேகத்தை நிமிடத்துக்கு 2 லிட்டருக்கும் கீழே குறைத்து ஓட்ட வேண்டியதுதான்.

குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால், அது சின்ன விஷயம் என்று செருப்புப் போட்டுக்கொண்டு குளிக்காதீர்கள். எம்சிபியை இறக்கிவிட்டு, எர்த்தும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி சுவிட்ச். மூடியைக் கழற்றும் வேலை எதுவானாலும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

படி 5: உள்ளே போகிற தண்ணீரையே சூடாக்குங்கள்

காசில்லாத வைத்தியம் இது, நம் ஊருக்கென்றே வாய்த்தது. போர் தண்ணீர் மார்கழியிலும் குளிராது. நிலத்தடி நீரின் சூடு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில், 27, 28 டிகிரி வாக்கில் நிற்கும். அதனால்தான் பனிக்காலத்தில் வயல் மோட்டார் தண்ணீரில் ஆவி பறக்கும். அதில் குளித்தவர்களுக்குத் தெரியும், வெதுவெதுவென்று இருக்கும். மாடித் தொட்டியில் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த தண்ணீர் இதைவிட நாலைந்து டிகிரி குறைந்துவிடுகிறது.

ஆகவே குளிர்காலத்தில் சாயங்காலம் தொட்டியை நிரப்பாதீர்கள். ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, விடியற்காலை குளிப்பதற்கு முன்னால் மோட்டார் போடுங்கள். 3 லிட்டர் வேகத்தில் 14 டிகிரி ஏறும் என்றால், 23 டிகிரித் தண்ணீர் 37 ஆகும், 27 டிகிரித் தண்ணீர் 41 ஆகும். அந்த நாலு டிகிரியில்தான் வெதுவெதுப்புக்கும் வெந்நீருக்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: மோட்டாரும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் வோல்டேஜ் சரியும். மோட்டாரை அணைத்த பிறகு ஹீட்டரைப் போடுங்கள்.

கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்க் குழாயை நம்பியிருப்பவர்களுக்கு இது உதவாது. அவர்கள் குளியலை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம்.

படி 6: உப்பும் கசடும்

எல்லா வெந்நீர்ப் பிரச்சினைக்கும் உப்புத் தண்ணீரைக் காரணம் சொல்வது நம் வழக்கம். அதில் இரண்டு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. வேதாரண்யம், தலைஞாயிறு மாதிரிக் கடலோரப் பகுதிகளில் வாயில் வைத்தால் கரிக்கிற உவர்த் தண்ணீர் இருக்கிறது. அது உலோகத்தை அரித்து ஹீட்டரை ஓட்டையாக்கும். உள்ளே வெள்ளையாகப் படிவது அது அல்ல, கால்சியம், மெக்னீசியம் கலந்த கடினத் தண்ணீர். வாயில் கரிக்காமலேயே தண்ணீர் கடினமாக இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. உங்கள் வீட்டு நிலவரம் அறிய இட்லிப் பானையின் அடியைப் பாருங்கள். வெள்ளை ஏடு கட்டியிருந்தால் ஹீட்டருக்குள்ளும் அதேதான்.

ஆனால் மின்சார ஹீட்டரில் அந்த ஏடு சூட்டை நேரடியாகத் தின்றுவிடுவதில்லை. காயில் தருகிற சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போக வேண்டும், கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். நடப்பது வேறு. காயில் உள்ளுக்குள் அதிகமாகச் சூடேறி, கட் அவுட் அடிக்கடி துண்டிக்கும், ஒருநாள் காயிலே எரிந்துபோகும். படி 1இல் சொன்னபடி விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். உள்ளே சுத்தம் செய்வது மெக்கானிக் வேலை. கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், உலோகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நீங்களே செய்யக்கூடியது வடிகட்டியைக் கழுவுவது. எம்சிபியை இறக்கி, ஆங்கிள் காக்கை மூடி, உள்ளே வரும் இணைப்புக் குழாயைக் கழற்றினால் சிலவற்றில் சின்னதாக ஒரு வலை இருக்கும். போர் மணலும் துருவும் அதில் சேர்ந்திருக்கும். ஷவர் தலையில் அடைத்த வெள்ளைப் பொடிக்கு, மளிகைக் கடை எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ராத்திரி ஊறவைத்தால் போதும்.

கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு

வெதுவெதுப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மூடிய குளியலறைக்குள் என்றால் வேறு எதையும் செய்வதற்கு முன்னால் அதை வெளியே, காற்றோட்டமான கொல்லைச் சுவருக்கு மாற்றுங்கள். அடைத்த அறையில் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவள்வது என்று எது வந்தாலும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள். துண்டு கட்டிக்கொண்டு வெளியே வர வெட்கப்பட்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுவதுதான் உயிருக்கு ஆபத்து. கேஸ் வாடை அடித்தால் சிலிண்டரை மூடிவிட்டு, எந்தச் சுவிட்சையும் தொடாமல், வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

இனி சூடு. 6 லிட்டர் கேஸ் ஹீட்டர் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 6 லிட்டரை 25 டிகிரி ஏற்றும் என்று பொருள். ஆகவே 43க்குப் பதில் 150ஐ வைத்துக் கேன் கணக்கைப் போடுங்கள். மின்சார வகையைவிட மூன்றரை மடங்கு. இதில் வெதுவெதுப்பு வந்தால் முதலில் திருகைப் பாருங்கள். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இருக்கும், சித்திரையில் திருப்பியது மார்கழியிலும் அப்படியே கிடக்கும். அடுத்தது சிலிண்டர் தீரும் தறுவாயா என்பது. சமையல் சிலிண்டரிலிருந்தே கிளை பிரித்து இணைத்திருந்தால், அடுப்பு எரியும்போது ஹீட்டரின் தீ சுருங்கும். அந்த இணைப்பு பாதுகாப்பும் இல்லை, தனிச் சிலிண்டருக்கு மாற்றிவிடுங்கள்.

தீயின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் பர்னரில் தூசியோ சிலந்திக் கூடோ அடைத்திருக்கிறது. மேலே செம்புத் தகடுகளில் கரி படிந்து சூடு தண்ணீருக்குப் போகாமல் புகையோடு போய்விடும், கார்பன் மோனாக்சைடும் கூடும். உடனே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள். கடினத் தண்ணீரின் ஏடு உண்மையிலேயே சூட்டைத் தின்பதும் இந்த வகையில்தான். குழாய்க்குள் ஏடு கட்டினால் தீயின் சூடு தண்ணீரை எட்டாமல் மேலே போய்விடும். பேட்டரியை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். பேட்டரி தீப்பொறிக்கும் வால்வுக்கும்தான், அது தளர்ந்தால் தீயே வராது அல்லது நடுவில் அணையும், வெதுவெதுப்பு வராது. பல ஹீட்டர்கள் 20 நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும், அது கோளாறு இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

"சூடு வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் ஓடுகிறது, உள்ளே போவது இத்தனை டிகிரி, வெளியே வருவது இத்தனை, 20 நிமிடத்துக்கு இத்தனை யூனிட், விளக்கு தொடர்ந்து எரிகிறது அல்லது அணைந்து எரிகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். காயிலை மாற்ற வேண்டும் என்றால், கரண்டைத் துண்டித்துவிட்டு, காயிலின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 3000 வாட் காயில் 17, 18 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் போய்விட்டது, தாராளமாக மாற்றலாம்.

எங்கள் வீட்டில் மாற்றி எடுத்த பழைய காயிலை நான் தூக்கிப் போடவில்லை. பல நாள் கழித்து ஒரு மல்டிமீட்டர் வாங்கியதும் முதல் வேலையாக அதைத்தான் எடுத்து அளந்தேன். 18 ஓம். துடைத்து, பழைய துணியில் சுற்றி, பரண் மேல் வைத்திருக்கிறேன்.